ஒரு சேவை இயந்திரத்துக்குத் தீர்வை

கொழும்பு,
2025 ஏப்ரல் 21

திருமதி றஹீமா மஜீட்,
கடற்கரை வீதி, கல்முனைக்குடி.

அம்மணி,

இந்தியாவின் கோயம்புத்தூரிலிருந்து தங்களது பெயருக்கு அனுப்பப்பட்ட, தொண்ணூற்றாறு கிலோ எடையுள்ள மரப்பெட்டி ஒன்று எமது களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளது. பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்த விலைப்பட்டியலில் பொருளின் பெயர் "சேவை இயந்திரம் – 1" என்று மாத்திரமே காணப்படுகிறது.

இதற்குரிய சுங்கத் தீர்வையை மதிப்பிட வேண்டியுள்ளது. எனவே, மேற்படி இயந்திரம் எவ்வகையான சேவையை வழங்குகிறது, அச்சேவை யாருக்கு வழங்கப்படுகிறது, அது வீட்டுப் பாவனைக்குரியதா தொழிற் பாவனைக்குரியதா என்பவற்றை எழுத்தில், கையொப்பத்துடன், பதினான்கு நாட்களுக்குள் அறியத்தரவும். இயந்திரத்தின் படமொன்று இருப்பின் அதனையும் இணைக்கவும்.

இவ்வண்ணம்,
செ. நிதர்சன்
சுங்க உத்தியோகத்தர்

*

கல்முனைக்குடி,
2025 ஏப்ரல் 26

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதிவுத் தபால் என்று தபால்காரர் கையெழுத்து வாங்கியதும் எங்கள் வீட்டில் வேலை நின்றுவிட்டது. அரசாங்க முத்திரை போட்ட கடிதம் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் நல்ல சேதி என்று நினைப்பதில்லை. என் கணவர் மஜீட் மீன் லொறி ஓட்டுகிறவர். அவர்தான் வாசித்தார். வாசித்துவிட்டு, "சேவையா? நீ என்னத்தப் புள்ள இந்தியாவுல இருந்து இறக்கின?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐயா, நான் இறக்கியது இடியப்பம் பிழிகிற மெசின். உடனே கோயம்புத்தூர் கடைக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர்கள் ஊரில் இடியப்பம் மாதிரியான சாப்பாட்டுக்குச் சேவை என்றுதான் பெயராம். அதை நினைத்துத்தான் அப்படி எழுதிவிட்டாராம். மற்றபடி இதில் மறைவான சேவை எதுவும் கிடையாது.

குழைத்த மாவை மேலே உள்ள குழாயில் போட்டுக் கரண்டைக் கொடுத்தால் கீழே தட்டில் வட்டம் வட்டமாக இடியப்பம் விழும். மணித்தியாலத்துக்கு அறுநூறு விழும் என்று கடைக்காரர் சொல்கிறார். நானூறு விழுந்தாலே நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்வேன்.

வீட்டுப் பாவனையா, தொழிலா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தொழிலே வீட்டில்தான் நடக்கிறது. என்னையும் சேர்த்து ஐந்து பெண்கள். சுபஹுத் தொழுத கையோடு குசினிக்குள் இறங்கினால் எட்டு மணிக்குள் ஆயிரம் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பிவிடுவோம். எல்லாம் கையாலே பிழிகிறது.

சேவை யாருக்கு என்ற கேள்விக்கு என்ன எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். நற்பிட்டிமுனையில் இருந்து வருகிற பூமணி அக்காவின் வலது மணிக்கட்டுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருடமாகப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிப்போய்விட்டது. இப்போது சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகவும் அவவால் முடியாது. "நீ வேற ஆளப் பாரு புள்ள, நான் வீட்ட இருக்கன்" என்று போன வருடம் சொன்னா. அவ போனால் கைப்பக்குவமும் போய்விடும், எங்கள் மனமும் ஆறாது. அதனால்தான் ஐந்து பேரும் சீட்டு எடுத்த காசைச் சேர்த்து இந்த மெசினுக்கு அனுப்பினோம்.

படம் கேட்டிருந்தீர்கள். போனில் கிடந்த படத்தைப் பார்த்து நானே கீறி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
றஹீமா

*

கொழும்பு,
2025 மே 6

அம்மணி,

தங்களது 26.04.2025ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. விளக்கங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. "பூமணி அக்காவின் மணிக்கட்டு" என்பதைப் படிவத்தில் பதிவதற்கு இடமில்லாததால் "உணவு தயாரிப்பு" என்று பதிந்துள்ளேன்.

தாங்கள் வரைந்த படத்தில் இயந்திரத்தின் இடது புறத்தில், தரையோடு ஒட்டியபடி, இரண்டு கூர்முனைகளும் வால் போன்ற வளைந்த பகுதியும் கொண்ட பாகமொன்று காணப்படுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது அவ்வாறான பாகம் எதுவும் இருக்கவில்லை. அது தனியாக அனுப்பப்படவுள்ளதா என்பதை அறியத்தரவும்.

இவ்வண்ணம்,
செ. நிதர்சன்
சுங்க உத்தியோகத்தர்

*

கல்முனைக்குடி,
2025 மே 10

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

அது பூனை.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என்ன படம் கீறினாலும் பக்கத்தில் ஒரு பூனை கீறுவது என் பழக்கம். அது இந்தியாவில் இருந்து வரவில்லை. உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தபோது சிபானா சிரித்த சிரிப்பில் மாச்சட்டி கவிழ்ந்துவிட்டது. சிபானா எங்கள் ஐந்து பேரில் சின்னவள்.

ஐயா, ஒரு கோரிக்கை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், ஜூன் பத்தாம் திகதி, சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டாயிரம் இடியப்பத்துக்கு ஓடர் எடுத்துவிட்டேன். மெசின் வந்துவிடும் என்ற துணிச்சலில் எடுத்தது. உங்களை அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். ஆனால் அவசரம்தான்.

இப்படிக்கு,
றஹீமா

*

கொழும்பு,
2025 மே 15

அம்மணி,

பூனை நீக்கப்பட்டது.

விலைப்பட்டியலில் காணப்படும் இந்திய ரூபா எழுபதாயிரம் என்ற விலையின் அடிப்படையில், தங்களது பொருளுக்குரிய தீர்வையும் வரிகளும் எழுபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபா என மதிப்பிடப்பட்டுள்ளது. இணைக்கப்பட்டுள்ள வெளிப்படுத்தல் படிவத்தில் கையொப்பமிட்டு, பணத்தை வங்கியில் செலுத்திய பற்றுச்சீட்டுடன் அனுப்பினால் பெட்டி விடுவிக்கப்படும்.

ஜூன் பத்தாம் திகதிக்கு முன்னர் தாராளமாகக் காலம் உண்டு.

இவ்வண்ணம்,
செ. நிதர்சன்
சுங்க உத்தியோகத்தர்

*

கல்முனைக்குடி,
2025 மே 19

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நீங்கள் அனுப்பிய படிவத்தைக் கையொப்பம் வைக்காமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். முழுவதையும் வாசியுங்கள்.

எழுபத்து மூவாயிரத்து ஐந்நூறு என்று பார்த்ததும் எல்லாரும் சந்தோசப்பட்டோம். ஒரு லட்சத்துக்கு மேலே வரும் என்றுதான் பயந்திருந்தோம். அப்போதுதான் பூமணி அக்கா, "நாம எழுபதாயிரமா புள்ள குடுத்த?" என்று கேட்டா. நாங்கள் கொடுத்தது இந்திய ரூபாவில் ஒரு லட்சத்து இருபதாயிரம். விலைப்பட்டியல் பெட்டியோடு உங்களிடம் வந்ததால் அதை நான் கண்ணால் கண்டதில்லை.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் குறைச்சுப் போட்டோம். வெளிநாட்டுக்கு வாங்குறவங்க எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. நீங்க கேக்கல, நாங்களாவே பண்ணிக் குடுத்தோம்" என்றார். நன்றி சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

மஜீட்டிடம் சொன்னேன். "சுங்கக்காரனுக்குப் போய் ஆர் புள்ள காசக் கூட்டிச் செல்ற? அவங்க கேட்டாங்களா? பேசாம கையெழுத்த வெச்சி அனுப்பு" என்றார். சிபானாவும் அதையேதான் சொன்னாள். கல்யாண ஓடரை நினைத்தால் எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது. பேனையையும் எடுத்துவிட்டேன். ஆனால் படிவத்தின் அடியில், "மேற்கூறிய விலை உண்மையானதென உறுதிப்படுத்துகிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழேதான் நான் என் பெயரை எழுத வேண்டும்.

ஐயா, கடைக்காரர் எழுதினது அவருடைய பொய். அதில் நான் கையொப்பம் வைத்தால் என்னுடைய பொய். இந்த மெசினில் பிழிந்ததை ஊருக்கெல்லாம் சாப்பிடக் கொடுக்கப்போகிறேன். ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டு என்னால் மா குழைக்க முடியாது.

உண்மையான விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். வங்கியில் பணம் அனுப்பிய துண்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மெசினைப் பறிமுதல் செய்வீர்களா? அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
றஹீமா

*

கொழும்பு,
2025 மே 27

றஹீமா அவர்களுக்கு,

இது அலுவலகக் கடிதம் அல்ல. அலுவலகக் கடிதம் தனி உறையில் வருகிறது. ஜூன் நான்காம் திகதி காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரும்படி அதில் இருக்கும். அதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் மூன்று நாட்கள் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. எழுபதாயிரம் என்ற விலையைச் சரிபார்த்து ஒப்பமிட்டவன் நான். தனியாக மதிப்பிடும்படி என்னிடம் தரப்பட்ட முதலாவது ஆவணக் கோவை உங்களுடையது. வேறு விலைகளுடன் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இடியப்பத்தையும் பூனையையும் பற்றி வாசித்த சந்தோசத்தில் அதைச் செய்யாமல் விட்டேன். இப்போது உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் கொண்டுபோனால் முதல் கேள்வி எனக்குத்தான் வரும்.

முதல் நாள் கோபம் வந்தது. இந்த அம்மணிக்கு என்ன வந்தது, பேசாமல் கையொப்பம் வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். இரண்டாம் நாள், கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மூன்றாம் நாள் வங்கித் துண்டைப் பார்த்தேன். அதில் ஐந்து பேரின் பெயரையும் பங்கையும் நீங்கள் பென்சிலால் எழுதிக் கூட்டியிருந்தீர்கள். ஐந்து பேரின் காசைப் பணயம் வைத்து நீங்கள் சொன்ன உண்மையை ஒரு ஆள் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுவது எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன்.

பொருள் விடுவிக்கப்படும் முன்னர் நீங்களாகவே அறிவித்ததைக் கருத்தில் எடுப்பார்கள். ஆனாலும் தண்டம் வரலாம். பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னால் அது பொய். மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நான் மதிப்பிட்ட கோவை என்பதால் விசாரணையில் நான் இருக்க முடியாது. அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.

நிதர்சன்

*

கல்முனைக்குடி,
2025 ஜூன் 12

அன்புள்ள தம்பி நிதர்சனுக்கு,

தம்பி என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு இருபத்தேழு வயதுதான் என்று விசாரணையில் இருந்த மேடம் சொன்னா. இவ்வளவு நாளும் ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, வழுக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதங்கள் அப்படித்தான் இருந்தன.

நடந்ததைக் கேளுங்கள். மஜீட்டின் மீன் லொறியிலேயே கொழும்புக்கு வந்தோம். என் மடியில் ஆவணக் கட்டு, பின்னால் ஐஸ் போட்ட பாரை மீன். மேடம் சிங்களத்தில் கேட்டா, ஒருவர் தமிழில் சொன்னார். "விலை குறைவாகப் போட்டிருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?" "தெரியாது." "தெரிந்த பிறகு யாராவது உங்களைச் சொல்லச் சொன்னார்களா?" "இல்ல மேடம், எல்லாரும் செல்ல வேணாம் என்டுதான் சென்ன." அதை மொழிபெயர்த்ததும் மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைப் பார்த்தா. பிறகு, "உங்கள் கணவரும் வேண்டாம் என்றாரா?" என்று கேட்டா. பக்கத்தில் மஜீட். நான் பதில் சொல்ல முதலே அவர், "ஓம் மேடம், நான்தான் முதல் ஆள்" என்று எழும்பி நின்றுவிட்டார்.

வெளியே முக்கால் மணித்தியாலம் இருந்தோம். அந்த முக்கால் மணித்தியாலத்தில் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடித்து, முதலில் இருந்து திரும்பவும் ஓதினேன். பூமணி அக்காவிடம் என்ன முகத்தோடு போய்ச் சொல்வது என்பதுதான் என் கவலை. கடைசியில் பறிமுதல் இல்லை. மிச்சத் தீர்வை ஐம்பத்து இரண்டாயிரத்து ஐந்நூறு, தண்டம் பத்தாயிரம். லொறிக்கு டயர் மாற்ற வைத்திருந்த காசை மஜீட் எடுத்து என் கையில் வைத்தார். "தேய்ஞ்ச டயர்ல இன்னும் ஆறு மாசம் ஓடலாம். நீ தேய்ஞ்சா மாத்த ஏலா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன நல்ல வார்த்தை இது. சுங்கத்தாரிடம் வந்ததால்தான் கிடைத்தது.

உங்கள் கதிரையைக் காட்டினார்கள். கதிரையில் ஆள் இல்லை. முதுகில் ஒரு சுவெட்டர் மட்டும் தொங்கியது. மேசையில் சாப்பாடு என்று இரண்டு துண்டு பேக்கரிப் பாணும் ஒரு வாழைப்பழமும் கிடந்தன. எனக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

மெசினை அதே லொறியில் ஏற்றி வந்தோம். மூன்று தரம் தேசிக்காய் போட்டுக் கழுவியும் பாரை மீன் மணம் போகவில்லை. நாலாவது தரம் போனது. பெருநாள் தொழுகை முடிந்து வந்து முதன்முதலாக ஓட்டிப் பார்த்தோம். முதல் ஐம்பதும் கயிறு மாதிரி வந்தன. தண்ணீர் காணாது என்று பூமணி அக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டா. இப்போது அவவுக்குப் பிழிகிற வேலை இல்லை. மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு மாவுக்கும் எங்களுக்கும் உத்தரவு போடுகிறா. கல்யாண வீட்டுக்கு இரண்டாயிரமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஒரு பார்சல் கொடுத்து விடுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு அதன் மேலே கட்டியிருக்கிறேன். முப்பது இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், மாசிக் கருவாட்டுத் துண்டு. அக்கா மாதிரி ஒரு ராத்தா சொல்கிறேன், இனிப் பாண் சாப்பிட வேண்டாம்.

அன்புடன்,
றஹீமா ராத்தா

*

கொழும்பு,
2025 ஜூன் 13

அம்மணி,

இன்று காலை தங்களால் அனுப்பப்பட்ட உணவுப் பொதி கிடைக்கப்பெற்றது. இறக்குமதியாளர் ஒருவரிடமிருந்து எந்தவிதமான அன்பளிப்பையும் பெற்றுக்கொள்ள உத்தியோகத்தர்களுக்கு அனுமதியில்லை. எனவே, திறக்கப்படாத நிலையில் அப்பொதி இன்று பிற்பகல் புறப்படும் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

இவ்வண்ணம்,
செ. நிதர்சன்
சுங்க உத்தியோகத்தர்

*

கல்முனைக்குடி,
2025 ஜூன் 16

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பார்சல் திரும்பிக் கிடைத்தது. சொதி புளித்திருந்தது. மஜீட் அதைத் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்.

நான் அனுப்பியது லஞ்சம் என்று நினைக்கவில்லை. வேலை முடிந்த பிறகு எதற்கு லஞ்சம்? சட்டம் உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவது என்பது பெரிய சொல். பூமணி அக்கா தன் கையால் சம்பல் அரைத்தா, வீங்கிய கையால். அவவிடம் பார்சல் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உங்களால் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

றஹீமா மஜீட்

*

கொழும்பு,
2025 ஜூலை 28

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஆறு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று அனுப்பியே விடுகிறேன்.

அன்று பொதியைத் திருப்பி அனுப்பியது சரியானது. இன்றும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அனுப்பிய விதம் சரியில்லை. நாலு வரி மனிதத் தமிழில் எழுதியிருக்கலாம். அந்தக் காலையில் பொதியைத் தூக்கியபோது சம்பல் மணத்தது. இன்னும் ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தால் திறந்துவிடுவேன் என்ற பயத்தில் ஓடிப்போய்ப் பஸ்ஸில் போட்டேன். கடிதத்தையும் அந்த ஓட்டத்திலேயே எழுதினேன்.

இன்னொன்று. நான் வினாயகபுரத்தான். திருக்கோவிலுக்குத் தெற்கே, உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். முகவரியில் கல்முனைக்குடி என்று பார்த்த முதல் நாளே சொல்ல ஆசை வந்தது. ஊர்க்காரன் ஊர்க்காரிக்கு வேலை பார்த்தான் என்று கோவையைப் பற்றி யாரும் கதைக்கக் கூடாது என்பதால் சொல்லவில்லை. கோவை இப்போது மூடப்பட்டுவிட்டது. மேலதிகாரி எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தா. தந்துவிட்டு, "அடுத்த முறையும் இழுப்பறையில் வைக்காதே" என்று மட்டும் சொன்னா.

ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருக்கோவிலில் தீர்த்தமாடிவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கல்முனைக்கு பஸ் ஏறினேன். கடற்கரை வீதியில் விசாரித்தபோது, "இடியப்ப மெசின் வீடா, அங்கால சனம் நிக்கிற இடம்" என்றார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். நீங்கள்தான் காசை வாங்கினீர்கள். தலையில் பச்சை நிறத்தில் சோல் போட்டிருந்தீர்கள். "எத்தின தம்பி?" என்று கேட்டீர்கள். பத்து என்றேன். பத்துக்குரிய விலை நூற்று இருபது ரூபாவைக் கொடுத்தேன். என்னை யாரென்று சொல்ல வாய் வந்தது. பின்னால் நின்றவர் இடித்தார், நகர்ந்துவிட்டேன். கதவுக்குள்ளே மெசினைப் பார்த்தேன். பக்கத்தில் கதிரையில் ஒருவர் இருந்து, "தண்ணி கூடிப் போய்த்து" என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்து சாப்பிட்டேன். ராத்தா, மெசின் இடியப்பம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பொதிக்குள் பதினொன்று இருந்தது. நான் பத்துக்குத்தான் காசு கொடுத்தேன். எண்ணிப் பார்த்தபோதே தெரியும். திரும்பி வந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதையும் சாப்பிட்டுவிட்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்லச் சொல்லிப் படிவம் அனுப்பியவன் நான். அதனால் பதினோராவது இடியப்பத்தின் விலை பன்னிரண்டு ரூபாவை முத்திரைகளாக இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நிதர்சன்

*

கல்முனைக்குடி,
2025 ஓகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அதற்கு முதல் பூமணி அக்காவிடம், பார்சல் தொலையவில்லை, திரும்பி வந்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ கோபப்படவில்லை. "அந்தப் பொடியன் தின்னாம அனுப்பினதுக்கு நீ ஏன் புள்ள பொய் சென்ன?" என்று மட்டும் கேட்டா. 

அந்த வெள்ளிக்கிழமையை நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்தோம். எனக்கு உங்கள் முகம் நினைவில் இல்லை, அதுதான் வருத்தம். சிபானாவுக்கு நினைவிருக்கிறது. "ராத்தா, ஒராள் றோட்டுல நிண்டு பொதியத் திறந்து எண்ணிப் பாக்கிறாரு, நம்மள நம்பல்ல போல" என்று அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னாள். நானும், "எண்ணட்டும், குறைஞ்சா வரட்டும்" என்றேன். கூடினால் வருகிற ஆள் என்று யாருக்குத் தெரியும்?

தம்பி, பத்து வாங்குகிற எல்லாருக்கும் நாங்கள் பதினொன்றுதான் வைக்கிறோம். மெசின் வந்த நாளில் இருந்து பூமணி அக்கா வைத்த சட்டம் அது. கை நோகாமல் வருகிறதில் ஒன்று சனத்துக்குப் போகட்டும் என்றா. உங்களுக்கு முன்னால் நின்ற ஏழு பேருக்கும் அப்படித்தான் போனது. அதனால் அது அன்பளிப்பு இல்லை, நீங்கள் கொடுத்த நூற்று இருபதுக்குள் அடங்கியது. உங்கள் வேலைக்கு ஒரு பழுதும் வராது.

ஆகவே நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு ரூபாவும் எங்களிடம் கூடுதலாக வந்த பணம். வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. தபாலில் திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் அப்படி அனுப்புவதற்குப் பூமணி அக்கா அனுமதி தரவில்லை. ஆள் நேரில் வந்து, பெயரைச் சொல்லி, உள்ளே வந்து உட்கார்ந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம். காலை எட்டு மணிக்கு முதல் வாருங்கள். அதற்குப் பிறகு சொதி முடிந்துவிடும்.

அன்புடன்,
றஹீமா ராத்தா